தருமபுரி, கிருஷ்ணகிரியில் தனியார் கவுன்சிலிங்: முதல் போன் காலிலிருந்து கடைசி சிட்டிங் வரை

கவுன்சிலிங் போகலாம் என்று துணிந்து கிளம்புகிறவர்களில் பலர் இரண்டாவது சிட்டிங்கோடு நின்றுவிடுகிறார்கள். கவுன்சிலர் சரியில்லை என்பது சில நேரம்தான் காரணம். பெரும்பாலும் தடுக்கி விழுவது வேறு இடத்தில். மாலை ஆறு மணிக்கு நேரம் வாங்கிவிட்டு ஊருக்குப் போகும் கடைசி பஸ்ஸை விட்டுவிடுவார்கள். ஜிபேயில் பணம் போட்ட மெசேஜ் வீட்டுக்காரர் கண்ணில் படும். காத்திருக்கும் பெஞ்சில் பக்கத்துத் தெரு அத்தை உட்கார்ந்திருப்பார். எத்தனை தடவை வரணும், மொத்தம் எவ்வளவு ஆகும் என்று கேட்கக் கூச்சப்பட்டு, மூன்றாவது தடவைக்குக் கையில் காசு இருக்காது. அதனால் உள்ளே என்ன பேசுவார்கள் என்பதோடு, வெளியே என்னென்ன ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும் என்பதையும் சேர்த்தே எழுதியிருக்கிறோம்.

கவுன்சிலிங்கை விட ஆஸ்பத்திரி முதலில் என்ற நிலைகள்

சாக வேண்டும் என்ற எண்ணம் வந்து போவது ஒன்று. எப்படி, எப்போது என்று திட்டம் வரை போயிருப்பது வேறு. இரண்டாவது நிலையில் அடுத்த செவ்வாய்க்கிழமை அப்பாயின்ட்மென்ட்டுக்காகக் காத்திருக்கக் கூடாது. தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. அவசரப் பிரிவுக்கு நேரே போகலாம், 108 கூப்பிடலாம். நள்ளிரவில் பேச ஆள் வேண்டுமென்றால் டெலி மனாஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416; இருபத்து நான்கு மணி நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. விவசாய வீடுகளில் இன்னொரு வேலையும் உண்டு. பூச்சிமருந்து டப்பாவைத் திண்ணையிலோ மாட்டுக்கொட்டகையிலோ வைக்காமல், அன்றைக்கே வேறு வீட்டுக்கு மாற்றிவிட வேண்டும். அந்த எண்ணத்தின் உச்சம் பல நேரம் சில மணி நேரத்தில் தணிந்துவிடும். அதுவரை மருந்து கைக்கெட்டாமல் இருந்தால் உயிர் தப்பும். யாராவது குடித்தே விட்டால், பார்க்க நன்றாக இருந்தாலும், வாந்தி எடுக்க வைக்காமல், டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று பயந்து வீட்டிலேயே மறைத்து வைப்பவர்கள் உண்டு. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவரைக் கடுமையான மன உளைச்சலில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. அந்தப் பயத்துக்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம்.

இல்லாத குரல் காதில் கேட்பது, நாலைந்து நாள் தூக்கமே இல்லாமல் அளவு மீறிய வேகத்தோடு பேசிக்கொண்டும் செலவு செய்துகொண்டும் இருப்பது, சாப்பாட்டையே விட்டுவிடுவது, பிரசவமான சில வாரங்களில் குழம்பிப் பேசுவது ஆகியவற்றுக்கு மனநல மருத்துவரைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கவுன்சிலிங் அப்புறம்.

குடியை நிறுத்தும் விஷயம் தனி. தினமும் நிறையக் குடிப்பவரைக் கூட்டி வந்து, "இன்னையிலிருந்து தொடக்கூடாதுன்னு நல்லா சொல்லுங்க சார்" என்று கேட்பது வழக்கம். அப்படித் திடீரென நிறுத்தினால் முதல் இரண்டு நாளில் கை நடுக்கம், வியர்வை, வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் ஆள் அடையாளம் தெரியாத குழப்பம் வரலாம். உயிருக்கே ஆபத்து. மருத்துவர் மேற்பார்வையில் மாத்திரையோடு நிறுத்திவிட்டு, பிறகு கவுன்சிலிங் என்பதுதான் வரிசை.

யாரிடம் போகிறோம் என்று தெரிந்துகொள்வது

மூன்று வகை ஆட்கள் இருக்கிறார்கள். சைக்கியாட்ரிஸ்ட் என்பவர் எம்பிபிஎஸ் படித்து, அதன்மேல் மனநலத்தில் எம்டி, டிஎன்பி அல்லது டிபிஎம் முடித்த டாக்டர், மாத்திரை எழுதுவார். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் மருந்து எழுத மாட்டார்; உளவியல் சோதனைகளும் பேச்சு வழி சிகிச்சையும் செய்வார். இவர் எம்ஃபில் அல்லது சைடி (PsyD) போன்ற அங்கீகரிக்கப்பட்ட பயிற்சி முடித்து, இந்திய மறுவாழ்வு கவுன்சிலில், அதாவது ஆர்சிஐயில், பதிவு செய்திருக்க வேண்டும். சிஆர்ஆர் எண் என்று ஒரு பதிவு எண் இருக்கும். கேட்டு வாங்கி ஆர்சிஐ இணையதளத்தில் தேடினால் பெயர் வரும். சான்றிதழ் காலாவதி ஆகியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

மூன்றாவது, கவுன்சிலர் அல்லது கவுன்சிலிங் சைக்காலஜிஸ்ட். இங்கேதான் கலவை. எம்எஸ்சி உளவியல் முடித்து, மூத்தவர்களிடம் பல வருடம் பயிற்சி எடுத்த நல்லவர்களும் இருக்கிறார்கள். வார இறுதிச் சான்றிதழ் ஒன்றை பிரேம் போட்டு மாட்டியவர்களும் இருக்கிறார்கள். துணை மருத்துவத் தொழில்களை ஒழுங்குபடுத்த 2021இல் தேசியச் சட்டம் வந்திருந்தாலும், 'கவுன்சிலர்' என்று போர்டு வைப்பதை நடைமுறையில் யாரும் தடுப்பதில்லை. ஆகவே போர்டை நம்பாமல் நான்கு கேள்வி கேளுங்கள்: முதுகலைப் பட்டம் எந்தப் பாடத்தில்? நேரடி மேற்பார்வையில் எவ்வளவு காலம் பயிற்சி? என் மாதிரிப் பிரச்சினையை வழக்கமாகப் பார்ப்பவரா? அவருக்கு மேல் ஆலோசனை கேட்க ஒரு மூத்தவர் இருக்கிறாரா? கடைசிக் கேள்விக்குக் கோபப்படாமல் பதில் சொல்பவர் பெரும்பாலும் ஒழுங்கானவர்.

மூன்று சிட்டிங்கில் குணம் என்று உறுதி கொடுப்பவர், டாக்டர் எழுதிய மாத்திரையை நிறுத்தச் சொல்பவர், பத்து சிட்டிங்குக்கு முன்பணம் கட்டினால்தான் சேர்ப்பேன் என்பவர், எந்த ஆளுங்க நீங்க என்று ஆர்வமாக விசாரிப்பவர் ஆகிய நால்வரையும் தவிர்த்துவிடலாம்.

முதல் போன்

பேசப்போவது பெரும்பாலும் வரவேற்பில் இருப்பவர். அவரிடம் கதை முழுக்கச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு வரி போதும்.

"வணக்கம் மேடம், புதுசா ஒரு அப்பாயின்ட்மென்ட் வேணும். எனக்குத்தான். தூக்கம் வரல, மூணு மாசமா படபடப்பா இருக்கு. மேடத்துக்கு ஆர்சிஐ பதிவு இருக்குங்களா? ஒரு சிட்டிங் எவ்வளவு நேரம், ஃபீஸ் எவ்வளவுங்க? வர முடியாம போனா எத்தனை மணி நேரம் முன்னாடி சொல்லணும்? ரிமைண்டர் மெசேஜ் அனுப்பாதீங்க, நானே கூப்பிடுறேன்."

இந்த ஐந்தாறு வரியில் தேவையானது எல்லாம் வந்துவிடும். கடைசி வரியைப் போனை மற்றவர்களோடு பகிர்ந்துகொள்பவர்கள் மறக்கவே கூடாது.

நேரம் வாங்கும்போது பஸ்ஸைப் பார்த்து வாங்குங்கள். பெரும்பாலான தனியார் மையங்கள் தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் டவுனுக்குள்தான். அரூர், பாலக்கோடு, ஊத்தங்கரை, தேன்கனிக்கோட்டை பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்குக் காலை பதினொன்று மணிக்கு மேல் நேரம் கிடைத்தால் திரும்பிப் போவது சுலபம். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் 2021 மே முதல் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதையும் கணக்கில் வையுங்கள். ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் பார்ப்பவர்கள், ஷிப்ட் மாறும் வாரத்தை முன்கூட்டியே சொல்லி இரண்டு நேரம் வாங்கிவைப்பது நல்லது. இரவு ஷிப்ட் முடிந்த கையோடு காலை ஒன்பது மணிக்கு வந்து உட்காருவது வீண். தூக்கக் கலக்கத்தில் சொன்னதும் கேட்டதும் மனதில் நிற்காது.

பணம்

ஃபீஸ் ஆளுக்கு ஆள் மாறும். கேட்க வேண்டியது ஒரு சிட்டிங்கின் விலையை மட்டும் அல்ல. முதல் சிட்டிங்குக்குத் தனிக் கட்டணமா, சோதனைகளுக்குத் தனியா, எழுத்து ரிப்போர்ட்டுக்குத் தனியா என்று மூன்றையும் கேளுங்கள். பிறகு குறைந்தது எட்டால் பெருக்குங்கள்; சின்னப் பிரச்சினைக்கே எட்டு சிட்டிங் வரை பிடிக்கும். ஒரு சிட்டிங் 800 ரூபாய் என்று வைத்தால் எட்டுக்கு 6,400; பஸ், ஒரு நாள் கூலி இழப்பு தனி. அந்தத் தொகை கட்டுப்படியாகவில்லை என்றால் இரண்டே தடவை போய் நிறுத்துவதைவிட, கட்டணத்தைக் குறைப்பார்களா, பதினைந்து நாளுக்கு ஒருமுறை வரலாமா என்று முதலிலேயே பேசிவிடுவது மேல். அதுவும் முடியாவிட்டால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தில் குறிப்பிட்ட நாட்களில் வெளி மருத்துவமனைகளிலும் பார்க்கிறார்கள். எந்த நாள் என்று உங்கள் தாலுகா மருத்துவமனையில் விசாரியுங்கள்.

இன்சூரன்ஸ் பற்றி: 2017 சட்டத்தின்படி உடல் நோய்க்குப் போலவே மன நோய்க்கும் காப்பீடு தர வேண்டும். ஆனால் பெரும்பாலான பாலிசிகள் படுக்கையில் சேர்ந்தால்தான் பணம் தரும். வெளிநோயாளியாக வந்துபோகும் கவுன்சிலிங் அதில் வராது. கம்பெனியில் ஊழியர்களுக்கு இலவச கவுன்சிலிங் இருந்தால், விவரம் எச்ஆருக்குப் போகுமா என்று எழுத்தில் கேட்டுவிட்டுப் பயன்படுத்துங்கள்.

ரகசியம்

சென்னையில் யாரையும் யாருக்கும் தெரியாது. இங்கே ரிசப்ஷனில் இருக்கும் பெண் உங்கள் சித்தி மகளோடு படித்தவராக இருப்பார். கவுன்சிலரே உங்கள் பையனின் பள்ளிக்கு வாரம் ஒரு நாள் வருகிறவராக இருப்பார். எல்லாரையும் சந்தேகப்படச் சொல்லவில்லை. முதல் சிட்டிங்கின் முதல் பத்து நிமிடத்தை இதற்கே ஒதுக்கிக் கேட்டுவிடுங்கள்.

என் பைல் யார் கையில் இருக்கும், பூட்டி வைக்கிறீர்களா, கம்ப்யூட்டரிலா? ரிசப்ஷனில் இருப்பவர் படிக்க முடியுமா? என் வீட்டிலிருந்து யாராவது போன் செய்து கேட்டால் என்ன சொல்வீர்கள்? சரியான பதில், "அப்படி ஒருவர் இங்கே வருகிறாரா இல்லையா என்பதையே சொல்ல மாட்டோம்" என்பது. கடைவீதியிலோ கல்யாண வீட்டிலோ எதிர்ப்பட்டால் என்ன செய்வீர்கள்? ஒழுங்கான கவுன்சிலர் தானாக வந்து பேச மாட்டார். நீங்கள் பேசினால் பதிலுக்கு ஒரு வணக்கம், அவ்வளவுதான். அவர் கண்டுகொள்ளாமல் போனதற்கு மனம் நோகாதீர்கள். கவுன்சிலர் உங்கள் சொந்தமாகவோ நெருங்கிய பழக்கமாகவோ இருந்தால் அவரே வேறு ஆளைக் கைகாட்ட வேண்டும். "நமக்குள்ள என்னம்மா, சொல்லு" என்று தொடர்பவரிடம் தொடராதீர்கள்.

சிகிச்சை பெறுபவரின் ரகசியத்தைக் காக்க வேண்டும் என்று 2017 சட்டத்தின் 23ஆம் பிரிவும், தன் மருத்துவப் பதிவுகளைக் கேட்டுப் பார்க்கும் உரிமை உண்டு என்று 25ஆம் பிரிவும் சொல்கின்றன. ரகசியத்துக்கு எல்லையும் உண்டு. உங்கள் உயிருக்கோ மற்றவர் உயிருக்கோ உடனடி ஆபத்து என்றால் கவுன்சிலர் தேவையான ஆளிடம் சொல்வார். நீதிமன்றம் உத்தரவிட்டால் தர வேண்டியிருக்கும். பதினெட்டு வயதுக்குக் கீழானவர் பாலியல் கொடுமைக்கு ஆளானது தெரிந்தால், போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி புகார் செய்தே ஆக வேண்டும். மறைத்தால் கவுன்சிலருக்கே தண்டனை. இளவயதுத் திருமணம் இன்னும் முழுதாக ஒழியாத நம் மாவட்டங்களில் இதை நேராகச் சொல்ல வேண்டியிருக்கிறது: பதினேழு வயதுப் பெண்ணுக்குக் கல்யாணம் செய்து வைத்துவிட்டு, "மாப்பிள்ளையோட ஒத்துப்போக மாட்டேங்குது, புத்தி சொல்லுங்க" என்று கூட்டி வந்தால், அது புத்தி சொல்வதோடு முடியாது. முறையான கவுன்சிலர் இந்த எல்லைகளை முதல் நாளே தானாகச் சொல்லி, ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்குவார். படிக்காமல் போடாதீர்கள்.

சாதி விட்டுக் காதலிப்பவர்கள் கவுன்சிலரிடம்கூட வாய் திறக்கப் பயப்படுவார்கள். வயது வந்தவர் சொன்னதைக் குடும்பத்துக்குச் சொல்ல கவுன்சிலருக்கு உரிமை கிடையாது. "உங்க நல்லதுக்குத்தான் அப்பாகிட்ட பேசினேன்" என்பது அக்கறையில் சேராது, மீறல்.

வெளியே கசியும் ஓட்டைகள் பெரும்பாலும் கவுன்சிலர் அறையில் இருப்பதில்லை. யுபிஐயில் மையத்தின் பெயர் ஸ்டேட்மென்ட்டில் அப்படியே விழும், வேண்டாமென்றால் ரொக்கம். வாட்ஸ்அப்பில் வந்த லொக்கேஷன், வீட்டில் போட்டுவிட்ட ஃபீஸ் ரசீது, கூகுளில் மையத்துக்குப் போட்ட ஸ்டார் ரேட்டிங் எல்லாம் ஆளைக் காட்டிக்கொடுக்கும். முன்னவருக்கும் உங்களுக்கும் நடுவே பத்துப் பதினைந்து நிமிட இடைவெளி விடும் மையத்தில் நேருக்கு நேர் முட்டிக்கொள்ளும் வாய்ப்பு குறைவு. அதையும் போனிலேயே கேட்கலாம்.

எந்த மொழியில் பேசுவது

ஓசூர், வேப்பனஹள்ளி, தேன்கனிக்கோட்டை பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசி, வெளியே தமிழ் பேசுகிறவர்கள் ஏராளம். கிருஷ்ணகிரி டவுனில் உருது. வீட்டுச் சண்டை எந்த மொழியில் நடக்கிறதோ, அழுகை எந்த மொழியில் வருகிறதோ, அந்த மொழி கவுன்சிலருக்குப் புரிவது நல்லது. அப்படி ஆள் கிடைக்காவிட்டால் தமிழில் பேசிக்கொண்டே, வீட்டில் சொன்ன வார்த்தையை மட்டும் வீட்டு மொழியிலேயே சொல்லி அர்த்தம் விளக்கலாம். மாமியாரையோ மகளையோ மொழிபெயர்க்க உள்ளே கூட்டிப் போகாதீர்கள். பாதி விஷயம் வாசலிலேயே நின்றுவிடும். ஆங்கிலத்தில் பேசினால்தான் மரியாதை என்று நினைத்து, தெரிந்த நாலு வார்த்தையில் டிப்ரஷன், ஸ்ட்ரெஸ் என்று முடித்துக்கொள்வதும் கெடுதல். 'நெஞ்சுக்குள்ள கல்லு வெச்ச மாதிரி' என்பது கவுன்சிலருக்கு அதைவிட அதிகம் சொல்லும்.

முதல் சிட்டிங்

எடுத்துப் போக வேண்டியவை: சாப்பிடும் எல்லா மாத்திரையின் அட்டைகள் (நாட்டு மருந்து, தூக்க மாத்திரை உட்பட), பழைய சீட்டு, கடந்த ஆறு மாதத்துக்குள் எடுத்த ரத்தப் பரிசோதனை ஏதாவது இருந்தால் அது. தைராய்டு குறைவும் ரத்தசோகையும் சோர்வு, மந்தம், அழுகை என்று மனச்சோர்வு போலவே காட்டும். அதனால் தைராய்டைக் காட்டும் டிஎஸ்எச் பரிசோதனையும் ஹீமோகுளோபினும் பார்த்தீர்களா என்று கேட்கும் கவுன்சிலரை நம்பலாம். ஒரு தாளில் மூன்று வரியும் எழுதிக்கொள்ளுங்கள்: என்ன தொந்தரவு, எப்போதிலிருந்து, எது மாறினால் போதும். உள்ளே போனதும் எல்லாம் மறந்துவிடும்.

பதினைந்து நிமிடம் முன்பே போங்கள். படிவம் இருக்கும். அதோடு பெரும்பாலும் மனச்சோர்வைப் பார்க்க பிஎச்க்யூ-9 என்ற ஒன்பது கேள்வித் தாளும், பதற்றத்தைப் பார்க்க ஜிஏடி-7 என்ற ஏழு கேள்வித் தாளும் தருவார்கள். கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை நாள் இப்படி இருந்தது என்று கேட்டு 0 முதல் 3 வரை குறிக்கச் சொல்வார்கள். முதல் தாளுக்கு மொத்தம் 27, இரண்டாவதற்கு 21. பிஎச்க்யூவில் 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மிதமான மனச்சோர்வு இருக்கலாம் என்று கவனிப்பார்கள். 20 அல்லது அதற்கு மேல் என்றால் கடுமை. இதைப் பரீட்சை மார்க் போல நினைத்து நல்லபிள்ளையாகக் குறைத்துப் போடுகிறவர்கள் அதிகம். ஒன்பதாவது கேள்வி சாவு பற்றிய எண்ணத்தைக் கேட்கும். அதற்குப் பூஜ்யம் போட்டுவிட்டு வாசல் தாண்டும்போது அழுவதில் யாருக்கும் பயனில்லை. 1 போட்டால் உடனே அட்மிஷன் போட மாட்டார்கள். அதைப் பற்றி நேரடியாகக் கேட்பார்கள், அவ்வளவுதான். எழுதப் படிக்கச் சிரமம் என்றால் கவுன்சிலரையே உள்ளே வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். ஹாலில் மற்றவர் முன் உரக்கப் படிக்க விடாதீர்கள்.

முதல் சிட்டிங் அறுபது முதல் தொண்ணூறு நிமிடம் ஓடும். அடுத்தவை நாற்பத்தைந்து, ஐம்பது நிமிடம். தூக்கம், பசி, வேலை, குடி, குடும்பத்தில் யாருக்காவது மனநோய் இருந்ததா, சின்ன வயது, கல்யாணம், கடன் என்று வரிசையாகக் கேட்பார்கள். சம்பந்தமில்லாமல் தோண்டுகிறார் என்று தோன்றும். ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது. ஆனாலும் "இதை இப்ப சொல்ல விருப்பமில்லைங்க" என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. கோயிலில் மந்திரித்தது, குறி கேட்டது, தாயத்துக் கட்டியது எல்லாவற்றையும் சொல்லலாம். கிண்டல் செய்பவர் நல்ல கவுன்சிலர் அல்ல. அதைக் கழற்றினால்தான் பேசுவேன் என்று சொல்ல வேண்டிய அவசியமும் அவருக்கில்லை.

கூட வந்தவர் உள்ளே வர வேண்டுமென்று அடம் பிடிப்பது இங்கே அன்றாடம். முதல் பத்து நிமிடம் சேர்ந்து உட்காரட்டும். அதன்பின், "கொஞ்ச நேரம் வெளியே இருங்கண்ணா, நான் கூப்பிடறேன்" என்று கவுன்சிலரே சொல்ல வேண்டும். அந்த வேலையை உங்கள் தலையில் கட்டக் கூடாது.

முதல் நாளில் பலர் ஏமாந்து திரும்புவது ஒரே இடத்தில்தான்: புத்திமதி கிடைக்கும் என்று எதிர்பார்த்துப் போகிறார்கள், கேள்விதான் கிடைக்கிறது. தீர்ப்புச் சொல்ல அது பஞ்சாயத்து அல்ல. யார் மேல் தப்பு என்று அவர் சொல்ல மாட்டார். ஆனால் கடைசிப் பத்து நிமிடத்தில் உங்கள் பிரச்சினையைத் தான் எப்படிப் புரிந்துகொண்டார், அடுத்து என்ன செய்யலாம், தோராயமாக எத்தனை சிட்டிங் என்று சொல்லியிருக்க வேண்டும். அது வரவில்லையென்றால் கேட்டு வாங்குங்கள்.

அன்று இரவு மனம் கனத்துக் கிடக்கலாம், தலை வலிக்கலாம், ஏன் போனோம் என்று தோன்றலாம். மூடி வைத்ததைத் திறந்ததால் வருவது; ஓரிரு நாளில் அடங்கும். அடங்காமல் சாவு எண்ணம் கூடினால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் போன் செய்யுங்கள். அவர் எடுக்காவிட்டால் 14416.

இரண்டாவதிலிருந்து ஆறாவது வரை

வாரம் ஒருமுறை என்பதுதான் தொடக்கத்தில் பலன் தரும் இடைவெளி. பதற்றம், மனச்சோர்வு ஆகியவற்றுக்கான சிபிடி (எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சு வழி சிகிச்சை) முறைக்குப் பொதுவாகப் பன்னிரண்டு முதல் இருபது சிட்டிங் வரை பிடிக்கும். சின்னப் பிரச்சினைக்கு ஆறு, எட்டிலும் முடியும். இரண்டாவது சிட்டிங்கில் இலக்கு எழுதுவீர்கள். 'சந்தோஷமா இருக்கணும்' என்பதை வைத்து வேலை செய்ய முடியாது. 'வாரத்தில் ஐந்து நாள் வேலைக்குப் போகணும், ராத்திரி பதினொன்றுக்குள் தூங்கணும், கூட்டமான பஸ்ஸில் கிருஷ்ணகிரி வரை தனியாகப் போகணும்' என்பது இலக்கு. ஆனதா இல்லையா என்று பார்த்துவிடலாம்.

வீட்டுப்பாடம் உண்டு. சிபிடியில் வழக்கமாகத் தரும் எண்ணப் பதிவு எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு பக்கம்:

நடந்தது: சூப்பர்வைசர் லீவு லெட்டரைப் பார்த்து "அப்புறம் பார்க்கலாம்" என்றார். 
உடனே வந்த எண்ணம்: என்னை வேலையை விட்டு எடுக்கப் போறாங்க. நம்பிக்கை 90. 
உடம்பு, மனசு: வயிறு பிசைந்தது, பயம் 80. 
எண்ணத்துக்கு ஆதாரம்: முகம் கடுகடுவென்று இருந்தது. 
எதிர் ஆதாரம்: லைனில் மெஷின் நின்றிருந்தது, எல்லாரிடமும் அப்படித்தான் பேசினார். போன மாதமும் இப்படிச் சொல்லி மறுநாள் லீவு தந்தார். 
இப்போது: நம்பிக்கை 40, பயம் 45.

பயம் பூஜ்யம் ஆகவில்லை பாருங்கள். ஆக வேண்டியதும் இல்லை. இதில் தப்பு நடப்பது இரண்டு இடத்தில். சிட்டிங்குக்கு முந்தின இரவு ஏழு நாளையும் சேர்த்து எழுதுவது ஒன்று. அதில் எண்களெல்லாம் கற்பனை. 'எண்ணம்' என்ற இடத்தில் 'கஷ்டமா இருந்துச்சு' என்று உணர்ச்சியை எழுதுவது இன்னொன்று. நோட்டு வீட்டில் யார் கையிலாவது சிக்கும் என்றால் போனில் பூட்டுப் போட்ட குறிப்பில் எழுதுங்கள். எழுத வராது என்றால் குரல் பதிவு போதும். செய்யவே முடியவில்லை என்றால் அதையே சொல்லுங்கள். ஏன் முடியவில்லை என்பதில்தான் அந்த வார வேலை இருக்கும். செய்யாததற்கு வெட்கப்பட்டு அப்பாயின்ட்மென்ட்டையே ரத்து செய்பவர்கள்தான் பாதியில் நிற்கிறார்கள்.

வீடியோவில் பேசுவது தூரத்து ஊர்க்காரர்களுக்கு உதவி. முதல் ஒன்றிரண்டு நேரில், பிறகு ஒன்றுவிட்டு ஒன்று வீடியோ என்று பேசிக்கொள்ளலாம். மலைக் கிராமங்களில் சிக்னல் போகும். போனால் யார் யாரைத் திரும்பக் கூப்பிடுவது என்று முன்பே தீர்மானியுங்கள். மொட்டைமாடி தனிமையான இடம் போலத் தெரியும், ஆனால் பேச்சு அடுத்த வீட்டுக்குத் தெளிவாகப் போகும். இயர்போன் போட்டு, ஃபேனை வேகமாக வைத்து, கதவோரம் டிவி ஓடவிட்டால் ஓரளவு மறையும்.

மாத்திரையும் தேவை என்று கவுன்சிலர் மனநல மருத்துவரிடம் அனுப்பினால், உங்கள் நிலை மோசம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மனச்சோர்வு மாத்திரைகள் வேலை காட்ட இரண்டு முதல் நான்கு வாரம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். குமட்டல் போன்ற பக்க விளைவோ முதல் வாரமே வரும். கஷ்டம் முன்னால், பலன் பின்னால் என்பதால் பத்தாவது நாள் தூக்கி எறிகிறார்கள். நன்றாகிவிட்டது என்று தானாக நிறுத்துவதும் ஆபத்து. டாக்டர் சொல்லிக் குறைத்துக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும்.

ஆறாவது சிட்டிங்கில் நின்று பாருங்கள். அதே பிஎச்க்யூ தாளை மறுபடி போடச் சொல்லுங்கள். ஐந்து புள்ளியாவது இறங்கியிருந்தால் உண்மையான மாற்றம் என்று எடுத்துக்கொள்ளலாம். எதுவுமே நகரவில்லை என்றால், "எனக்கு இது உதவுற மாதிரி தெரியலைங்க, வேற முறை பார்க்கலாமா, வேற ஆளை அனுப்புறீங்களா?" என்று கேளுங்கள். நம் ஊரில் எதிரே உட்கார்ந்து இப்படிச் சொல்வது மரியாதைக் குறைவு என்று நினைத்து, சொல்லாமல் வராமல் நின்றுவிடுவார்கள். கவுன்சிலருக்கு இந்தக் கேள்வி புதிதல்ல.

சீசனில் ஒரு பெட்டி மாம்பழம் கொண்டுபோய்க் கொடுக்கத் தோன்றும். பலர் வாங்க மாட்டார்கள்; வீட்டு விசேஷ அழைப்பும் அப்படியே. கோபித்துக்கொள்ளாதீர்கள். கவுன்சிலர் கடன் கேட்பது, சீட்டில் சேரச் சொல்வது, வேறு பொருள் விற்பது, தொடுவது, அறைக்கு வெளியே தனியாகச் சந்திக்கக் கூப்பிடுவது எதுவானாலும் அன்றோடு நிறுத்த வேண்டும்.

பிள்ளைகளும் தம்பதிகளும்

பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் சம்மதம் வேண்டும். முதலில் பெற்றோரிடம் கொஞ்ச நேரம், பிறகு பிள்ளையிடம் தனியாக. "என்ன சொன்னா?" என்று காரில் ஏறியதும் குடைந்தால் அடுத்த வாரம் பிள்ளை வாயே திறக்காது. ஆபத்து இருந்தால் மட்டும் பெற்றோரிடம் சொல்வேன், மற்றதைப் பிள்ளை சம்மதித்தால் சொல்வேன் என்பதுதான் வழக்கமான ஒப்பந்தம். பிளஸ் டூ பரீட்சைக்குப் பத்து நாள் இருக்கும்போது கூட்டி வந்து மார்க் ஏற்றித் தரச் சொல்வது நடக்காத காரியம்.

தம்பதி கவுன்சிலிங்கில் சேர்ந்து ஒருமுறை, தனித்தனியாக ஒவ்வொரு முறை என்று தொடங்குவார்கள். தனியாகச் சொன்னது மற்றவருக்குப் போகுமா என்பதை முன்பே கேளுங்கள். இருவரும் ஒரே பதிலைக் கேட்டிருக்க வேண்டும். அடி உதை நடக்கும் வீட்டில் சேர்ந்து உட்காருவது சரிவராது. உள்ளே சொன்ன வார்த்தைக்கு வீட்டில் அடி விழும். தனியாகப் போங்கள், பெண்கள் உதவிக்கு 181 இருக்கிறது. விவாகரத்து வழக்குக்கு ரிப்போர்ட் வேண்டும் என்ற எண்ணத்தோடு போகிறீர்கள் என்றால் முதல் போனிலேயே சொல்லிவிடுங்கள். சிகிச்சை தரும் கவுன்சிலர் ஒரு பக்கச் சாட்சியாக ஆக மறுப்பார். குடும்ப நீதிமன்றமோ மகளிர் காவல் நிலையமோ நடத்தும் கவுன்சிலிங் சமரசத்துக்கானது. அதன் ரகசிய விதிகளும் வேறு.

முடிப்பது

இரண்டு நாள் நன்றாகத் தூங்கியதும் நின்றுவிடாதீர்கள். வாரம் ஒன்று என்பதைப் பதினைந்து நாளுக்கு ஒன்று, மாதம் ஒன்று என்று தள்ளித் தள்ளி நிறுத்துவது வழக்கம். கடைசி சிட்டிங்கில் இரண்டு விஷயம் வாங்கிக்கொண்டு வாருங்கள். ஒன்று, உங்களுக்கு மறுபடி வரப்போகிறது என்பதற்கான முதல் அறிகுறிகள், உங்கள் வார்த்தையிலேயே: 'மூன்று நாள் தொடர்ந்து குளிக்காமல் இருப்பது', 'போனை எடுக்காமல் விடுவது' என்பது போல. இன்னொன்று, வேலைக்காகப் பெங்களூரோ திருப்பூரோ போகிறவர்களுக்கு ஒரு பக்கச் சுருக்கக் கடிதம். என்ன பிரச்சினைக்கு, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எந்த முறையில், எத்தனை சிட்டிங், என்ன மாத்திரை, எந்த அளவில் என்பது மட்டும் அதில் இருந்தால் போதும். குடும்பக் கதை தேவையில்லை. புதிய ஊரில் கதையை முதலிலிருந்து சொல்லும் இரண்டு சிட்டிங் மிச்சமாகும்.